தேன் சேர்த்த பீர் ஏன் இனிப்பதில்லை: பெல்ஜிய ஏலைச் சுவைத்து அறிய ஓர் எளிய விளக்கம்

சென்ற ஆண்டு குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நாட்களில், பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, வேட்டிகளுக்கு நடுவே சுற்றிப் பத்திரமாக ‘ஏல்’ என்ற வகைப் பீர் இரண்டு புட்டிகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் 750 மில்லிலிட்டர். ஒட்டியிருந்த தாளில் தேன்கூட்டின் படமும், ஆல்கஹால் 8.5 விழுக்காடு என்ற குறிப்பும், சேர்பொருள்களின் வரிசையும் இருந்தன: நீர், பார்லி மால்ட், தேன், ஹாப்ஸ், மல்லி விதை, ஆரஞ்சுத் தோல், ஈஸ்ட். அன்று மாலை மொட்டைமாடியில் அமர்ந்து, ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த முதல் புட்டியை மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினோம். பனைக்காட்டு ஊரில் பிறந்து வளர்ந்த என் சித்தப்பா ஒரு மிடறு விழுங்கிவிட்டு, “ஏல, தேன்னு போட்டிருக்கான், ஒரு சொட்டு தித்திப்பக் காணோமே” என்றார். டம்ளர் காலியாகும் நேரத்தில் இன்னொன்றும் சொன்னார்: “கிராம்பு வாடைதான் தூக்கலா இருக்கு. ரஸ்தாளிப் பழ வாடையும் அடிக்கி.”

தாளில் கிராம்பும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. போட்ட தேன் தெரியவில்லை. போடாத கிராம்பு தெரிகிறது. சித்தப்பாவின் நாக்கு பிழை செய்யவில்லை, அவர் சொன்ன இரண்டும் முழுக்கச் சரி. இந்த வகைப் பீரைப் பற்றி நம்மிடையே உலவும் பேச்சுதான் பிழையானது. தேன் சேர்ந்தால் இனிக்கும், மசாலா சேர்ந்தால் காரமாக இருக்கும், ‘ஸ்ட்ராங்’ என்றால் தொண்டையை அறுக்கும், தேன் இருப்பதால் உடம்புக்கு நல்லது என்று நான்கு கருத்துகள் வாய்வழியே பரவியிருக்கின்றன. நான்குமே தவறு. ஏன் தவறு என்பதை, நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள்களிலிருந்து தொடங்கி, இதற்கு முன் எதுவும் படித்திராதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது, பதநீர் வேண்டுமென்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். தடவாமல் விட்டால் அதே பாளையிலிருந்து அதே இரவில் சொட்டுவது கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால் இளையவர்கள் பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் ஐம்பது வயதைக் கடந்த எவரும் இந்த வேறுபாட்டை அறிவார்கள்.

சுண்ணாம்பு செய்வது என்ன? பாளையிலும் காற்றிலும் கலயத்திலும் ஈஸ்ட் எப்போதும் இருக்கிறது. ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத, ஒற்றைச் செல்லால் ஆன பூஞ்சை. இனிப்பான நீர்மம் கிடைத்தால் அது சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளும். இந்தச் செயலுக்கு நொதித்தல் என்று பெயர். சுண்ணாம்பு நீர்மத்தைக் காரத்தன்மை உடையதாக்கி, ஈஸ்ட்டும் அதனோடு வாழும் பாக்டீரியாக்களும் பெருகவிடாமல் தடுக்கிறது. சுண்ணாம்பு இல்லையென்றால் விடியும்முன்பே வேலை தொடங்கிவிடும். கள் ஊற்றிக் கரைத்த ஆப்ப மாவு பொங்குவது இந்த வாயுவினால்தான்.

பதநீரின் இனிப்பு கள்ளில் இல்லை என்பதை நாம் வியப்போடு பார்ப்பதில்லை. காலையில் இறக்கிய கள்ளில் கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கும், வெயில் ஏற ஏற அது குறைந்து, உறைப்பும் புளிப்பும் கூடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இனிப்பு எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை. ஈஸ்ட் அதைத் தின்றுவிட்டது. பீரிலும் இதேதான் நடக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஈஸ்ட்டுக்குக் கிடைத்த சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது. மாறிய அளவுக்கு இனிப்பு குறைகிறது.

பார்லியின் சர்க்கரையும் தேனின் சர்க்கரையும்

பீருக்கு அடிப்படை பார்லி. ஆனால் பார்லியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. ஆகவே பார்லியை நனைத்து முளைகட்டி, முளை வளருமுன் உலர்த்திவிடுகிறார்கள், அதுவே மால்ட். குழந்தைக்குக் கூழ் காய்ச்ச முளைகட்டிய கேழ்வரகைத் திரிக்கும் வீடுகளில், அந்த மாவு சாதாரணக் கேழ்வரகு மாவைவிடச் சற்றே இனிப்பதைக் கவனித்திருப்பீர்கள். முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மால்ட்டை நொறுக்கி ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், அந்த நொதிகள் தம் வேலையை முடித்து இனிப்பான சாற்றைத் தரும். அந்தச் சாற்றை வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கொடியின் கசப்பான பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். சாராயத்தைப்போல ஆவியாக்கிக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும் வேலை பீரில் எந்தக் கட்டத்திலும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘காய்ச்சுவது’ என்ற சொல் நம் ஊரில் அந்தப் பொருளையே முதலில் நினைவூட்டுகிறது.

மால்ட் சாற்றில் இருப்பவை எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சிறிய சர்க்கரைகளை ஈஸ்ட் தின்றுவிடும். பெரிய சங்கிலிகளாக இருக்கும் ஒரு பகுதியை அதனால் கடிக்க முடியாது; அவை அப்படியே பீரில் தங்கிவிடும். இந்தப் பெரிய சங்கிலிகள் அதிகம் இனிப்பதில்லை, ஆனால் வாயில் ஒரு திண்மையைத் தருகின்றன. வடிகஞ்சிக்கும் வெறும் வெந்நீருக்கும் நாக்கு உணரும் வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

தேனின் கதை வேறு. நல்ல தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. அதிலும் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள். ஈஸ்ட்டுக்கு இவற்றைவிட எளிய உணவு கிடையாது. அப்படியானால் புட்டியில் வைத்த தேன் ஏன் ஆண்டுக்கணக்கில் நொதிக்காமல் இருக்கிறது என்று கேட்கலாம். நாரத்தங்காய் ஊறுகாயை உப்பு காப்பதைப்போலத்தான் இதுவும். தேனில் நீர் மிகக் குறைவு, சர்க்கரை மிக அதிகம்; அதில் விழும் ஈஸ்ட்டின் உடலிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்பட்டு, அது செயலற்றுவிடும். ஈரம் கூடிய தேனை மூடி வைத்தால் சில நாட்களில் நுரைத்து மூடியைத் தள்ளுவதை மலைத்தேன் வாங்கும் பலரும் கண்டிருப்பார்கள். அந்தக் காப்பு நீங்கியதும் நொதித்தல் தொடங்கிவிடுகிறது. பீர்ச் சாற்றில் கரைக்கப்பட்ட தேனுக்கு அந்தக் காப்பு கொஞ்சமும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் பீரில் 1 கிலோ தேன் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் சர்க்கரை ஏறத்தாழ 800 கிராம். நொதித்தலில் சர்க்கரையின் எடையில் பாதிக்குச் சற்று மேல் ஆல்கஹாலாகவும், மீதி கரியமில வாயுவாகவும் பிரியும். ஆக, சுமார் 400 கிராம் ஆல்கஹால், அதாவது அரை லிட்டர் அளவு. 20 லிட்டரில் அரை லிட்டர் என்றால் 2.5 விழுக்காடு. அந்த ஒரு கிலோ தேன் பீரின் வலுவை இரண்டரை விழுக்காடு உயர்த்திவிட்டு, இனிப்பாக ஏறக்குறைய எதையும் மிச்சம் வைக்காமல் போய்விட்டது.

இன்னொரு விளைவும் உண்டு, முதன்முறை கேட்பவர் இதை நம்பத் தயங்குவார். இதே வலுவுள்ள பீரை மால்ட்டால் மட்டுமே செய்தால், கடிபடாத பெரிய சங்கிலிகளும் அதற்கேற்பக் கூடி, பீர் கனத்து, குடிக்கக் குடிக்கத் திகட்டும். தேனில் அப்படிப்பட்ட சங்கிலிகள் மிகக் குறைவு. எனவே தேன் சேர்ந்த பீர் வலுவாகவும் அதே சமயம் மெலிவாகவும், தொண்டையில் தங்காமல் வறண்டு முடிவதாகவும் இருக்கும். பெல்ஜியர்கள் வலுவான ஏல்களில் வெல்லப்பாகு போன்ற சர்க்கரைப் பாகையும் கற்கண்டையும் நெடுங்காலமாகச் சேர்த்துவருவதும் இதே நோக்கத்தோடுதான்.

பின் தேனால் என்ன பயன்? மணம். தேனீ பூவிலிருந்து கொண்டுவந்த நறுமணப் பொருள்கள், மெழுகின் வாசம், கூட்டின் வாசம் ஆகியவற்றை ஈஸ்ட் தின்பதில்லை. ஆனால் கொதிக்கும் சாற்றில் தேனை ஊற்றினால் அவை ஆவியோடு போய்விடும். நொதிக்கும்போது குமிழியிடும் வாயுவும் ஒரு பகுதியை வெளியே கொண்டுபோகும். ஆகவே கவனமுள்ள தயாரிப்பாளர், அடுப்பை அணைத்த பிறகோ, நொதித்தலின் முதல் வேகம் அடங்கிய பிறகோதான் தேனைச் சேர்ப்பார். தேனின் தேர்வும் முக்கியம். இனிப்பு போனபின் எஞ்சுவது மணம் மட்டுமே என்பதால், குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டத் தேனைப் போன்ற மென்மையான தேன் இங்கே கரைந்து காணாமல் போகும். பாபநாசம், களக்காடு மலைகளிலிருந்து வரும் கருந்தேனைப்போல மணம் முரட்டுத்தனமாக இருக்கும் தேன்தான் நின்று பேசும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மால்ட்டின் சர்க்கரையில் ஒரு பகுதி மிஞ்சித் திண்மை தருகிறது. தேனின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாகிறது. தேன் பீரில் இனிப்பைத் தேடினால் கிடைக்காது, மணத்தைத் தேடினால் கிடைக்கும்.

போடாத கிராம்பு எங்கிருந்து வந்தது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே சித்தப்பாவின் இந்த இரண்டாவது சொல்தான்.

பீர் வகைகளை ஈஸ்ட்டின் அடிப்படையில் இரண்டு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கலாம். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பீர் ஏறக்குறைய எல்லாமே லாகர். அதன் ஈஸ்ட் 8 முதல் 13 பாகை வரையிலான குளிரில் மெதுவாக வேலை செய்யும், சர்க்கரையைத் தின்றுவிட்டு வேறு தடயம் அதிகம் வைக்காது. ஏல் குடும்பத்தின் ஈஸ்ட் 18 முதல் 25 பாகை வரை, பெல்ஜிய வகைகள் சில அதற்கும் மேல், வெதுவெதுப்பில் வேகமாக வேலை செய்யும். வேகத்தில் ஆல்கஹாலோடு வேறு பல பொருள்களையும் சேர்த்து உண்டாக்கும். அவற்றில் எஸ்டர்கள் என்பவை பழ மணம் தருபவை. ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர் பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்கு முதன்மையான காரணம். பெல்ஜிய ஈஸ்ட் அதே பொருளைப் பீரிலும் உண்டாக்குகிறது. சித்தப்பாவின் மூக்குக்கு ரஸ்தாளியின் வாடை எட்டியது வெறும் ஒப்புமையால் அல்ல; இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறு.

கிராம்பின் கதை இன்னும் சுவையானது. பார்லியின் உமியில் ஃபெருலிக் அமிலம் என்ற பொருள் உண்டு. அதற்குக் குறிப்பிடத்தக்க மணம் இல்லை. சில வகை ஈஸ்ட்டுகள் மட்டும் அதைத் தம்மிடமுள்ள நொதிகளால் உடைத்து, 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றிவிடும். கிராம்புக்கு மணம் தரும் யூஜெனாலுக்கு இது வேதியியல் முறையில் நெருங்கிய உறவு. லாகர் ஈஸ்ட்டுகளுக்கும் பெரும்பாலான ஏல் ஈஸ்ட்டுகளுக்கும் இந்தத் திறன் கிடையாது. பெல்ஜிய ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கும் பவேரியக் கோதுமைப் பீர் ஈஸ்ட்டுகளுக்கும் உண்டு. ஒரு கிராம்பு மொட்டும் சேர்க்காமல் கிராம்பு மணக்கும் பீர் உருவாவது இப்படித்தான். குற்றாலத்து மலைத்தோட்டங்களில் கிராம்பு மரத்தின் இலையைக் கசக்கி முகர்ந்தவருக்கு இந்த வாசம் உடனே பிடிபடும். மொட்டின் காரம் இல்லாமல் வாசம் மட்டும் மெல்ல வருவதுபோல் இருக்கும்.

மசாலா பீர் என்றதும் யாரோ ஒருவர் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கொட்டியிருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். அந்த மணத்தில் பெரும்பங்கு ஈஸ்ட்டின் கைவேலை.

போட்ட மல்லி என்ன செய்கிறது

இருந்தாலும் தாளில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இருக்கத்தான் செய்தன. பவேரியாவில் 1516ஆம் ஆண்டு வந்த புகழ்பெற்ற ஆணை பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக்கூடாது என்றது. பெல்ஜியத்தில் அப்படியொரு கட்டு இல்லாததால், ஹாப்ஸ் பரவுவதற்கு முந்தைய காலத்து வழக்கமான மூலிகையும் விதையும் சேர்ப்பது அங்கே அற்றுப்போகவில்லை. ஹூகார்டன் என்ற ஊரின் பழைய வெள்ளைப் பீர் மறைந்தபின், பியர் செலிஸ் என்பவர் 1960களில் மல்லியும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் சேர்த்து அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார். இன்று உலகெங்கும் அந்தச் சேர்க்கை பெல்ஜிய அடையாளமாகவே கருதப்படுகிறது.

நம் வீட்டில் மல்லியை வறுத்துத் திரிப்போம். வறுக்கும்போது எழும் கனத்த மணம் வேறு, வறுக்காத மல்லியை அம்மியில் ஒரே ஒரு தட்டுத் தட்டி முகர்ந்தால் வரும் மணம் வேறு. இரண்டாவதில் எலுமிச்சையும் பூவும் கலந்தாற்போல ஒரு குளிர்ச்சி இருக்கும். லினலூல் என்ற எண்ணெய்ப்பொருள் தருவது அது. பீரில் சேர்வது வறுக்காத மல்லி, அதுவும் கொதி முடியும் தறுவாயில், மிகக் குறைந்த அளவில். ஆரஞ்சுத் தோலின் பங்கை அறிய நாரத்தங்காயின் தோலை நகத்தால் கீறி முகர்ந்தால் போதும். ரசத்தில் பெருங்காயம் எப்படித் தனியாகத் தெரியாமல் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிறதோ, அப்படி இருந்தால்தான் பீரில் மசாலா சரியாகச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மல்லி தனியாகத் தெரிந்து, சாம்பார்ப் பொடியை நினைவூட்டினால் அது தயாரித்தவரின் கை நழுவல் என்றே சொல்வேன்.

நாக்கு அறிவதும் மூக்கு அறிவதும்

நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளானிலும் இறைச்சிச் சாற்றிலும் தெரியும் சுவை) என்று ஐந்து என அறிவியல் சொல்கிறது. நம் மரபு உமாமியை விட்டு, அறுசுவை என்று துவர்ப்பையும் கார்ப்பையும் சேர்த்துக்கொள்கிறது. அறிவியலின்படி அவ்விரண்டும் சுவை அரும்புகள் தருபவை அல்ல. வாயின் தோல் உணர்பவை. ஆனால் இந்தப் பீரை விளக்குவதற்கு நம் அறுசுவையே எனக்கு வசதியாக இருக்கிறது. மால்ட்டில் மிஞ்சியது கொஞ்சம் இனிப்பு. ஹாப்ஸ் தருவது கசப்பு. கரைந்திருக்கும் வாயுவும் நொதித்தலும் தருவது மெல்லிய புளிப்பு. பார்லி உமியும் ஹாப்ஸும் சேர்ந்து தருவது, பாக்கு மென்றபின் எஞ்சுவதைப் போன்ற லேசான துவர்ப்பு. ஆல்கஹால் தருவது கார்ப்பு. உவர்ப்பு மட்டும் நீரின் தாதுக்களில் மறைந்து, இருப்பதே தெரியாது.

தேன், வாழைப்பழம், கிராம்பு, ஆரஞ்சு ஆகிய எதையும் நாக்கு அறியாது. அவையெல்லாம் மூக்கின் வேலை. விழுங்கும்போது வாயின் பின்புறமாக மூக்குக்குள் ஏறும் மணத்தையே நாம் ‘ருசி’ என்று சொல்கிறோம். இதைச் சோதிக்க ஒரு வழி: மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சுக்குக் கருப்பட்டிக் காப்பி ஒரு வாய் குடியுங்கள். இனிப்பும் தொண்டைச் சூடும் தெரியும்; சுக்கு எது, கருப்பட்டி எது என்று தெரியாது. விரலை எடுத்த கணத்தில் இரண்டும் வந்து நிற்கும்.

தேன் மணம் எழும்போது மூளை பழக்கத்தால் இனிப்பை எதிர்பார்க்கிறது. நாக்கில் அந்த இனிப்பு இல்லை. இந்த முரண்தான் முதன்முறை குடிப்பவரை ஏமாற்றுகிறது. பழகியவருக்கோ இந்தப் பீரின் அழகே இந்த முரண்தான் என்று தோன்றும். மணம் இனிப்பை நோக்கி இழுக்க, நாக்கு வறட்சியை நோக்கி இழுக்க, அடுத்த மிடறுக்கு வாய் தானாகவே தயாராகிறது.

‘ஸ்ட்ராங்’ என்ற சொல்

சாதாரண லாகரில் ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நம் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்று எழுதியிருப்பவை 8 வரை போகலாம். பெல்ஜியத்தின் வலுவான ஏல்கள் பொதுவாக 7.5 முதல் 11 வரை. வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் 1934இல் முதன்முதலாகத் தயாரித்த ட்ரிப்பெல் வகை இன்று 9.5 விழுக்காடு. அங்கே வலுவான பீர்கள் பெருகியதற்கு 1919ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மதுக்கூடங்களில் சாராய வகைகளை விற்கக்கூடாது என்று அது தடுத்தபோது, வலுவை நாடியவர்களுக்குப் பீரே விடையாயிற்று.

ஆல்கஹாலின் ‘சூடு’ உண்மையான சூடு அல்ல. மிளகாயின் காரத்தையும் கொதிநீரின் வெப்பத்தையும் உணரும் அதே நரம்பு, ஆல்கஹால் பட்டால் எளிதில் தூண்டப்பட்டு, உடம்பின் இயல்பான வெப்பத்தையே சூடாக அறிவிக்கிறது. நன்கு தயாரிக்கப்பட்ட ஏலில் இது நெஞ்சில் பரவும் இளஞ்சூடாக நிற்கும். தொண்டையை அறுத்தாலோ, நகப்பூச்சின் நெடி அடித்தாலோ, நொதித்தல் அளவுக்கு மீறிய சூட்டில் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். வலு என்பதும் முரட்டுத்தனம் என்பதும் ஒன்றல்ல.

மென்மையாக இருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லவேண்டும். 8.5 விழுக்காட்டில் 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 64 மில்லிலிட்டர். 42.8 விழுக்காடுள்ள விஸ்கியில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லிலிட்டரில், இருப்பது சுமார் 26. ஆக ஒரு புட்டி இரண்டரை லார்ஜுக்குச் சமம். வறண்டு, மெலிந்து, பழ மணத்தோடு இறங்குவதால் நாக்கு இதை எச்சரிக்காது. தேன் சேர்ந்ததால் மருந்துக்குணம் உண்டு என்பவர்களுக்கும் மேலே போட்ட கணக்கே விடை: அந்தத் தேன் இப்போது தேனாக இல்லை, ஆல்கஹாலாக இருக்கிறது. கல்லீரல் அதை ஆல்கஹாலாகவே நடத்தும். வண்டி ஓட்டவேண்டியவரும், கருவுற்றவரும், மாத்திரை சாப்பிடுபவரும், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவரும் இதை விலக்குவதே முறை. குடிக்காதவர் இதற்காகத் தொடங்கவேண்டிய தேவை எதுவும் இல்லை.

இரண்டாம் புட்டி

முதல் மாலையில் நாங்கள் இரண்டு தவறுகள் செய்தோம். ஐஸ் குளிரில் குடித்தோம். எவர்சில்வர் டம்ளரில் குடித்தோம். குளிர் மணப்பொருள்களை ஆவியாகவிடாமல் கட்டிப்போடும். நேர்வாய் டம்ளர் எழுந்த மணத்தையும் காற்றில் விட்டுவிடும். தாகத்துக்குக் குடிக்கும் லாகருக்குக் கடுங்குளிர் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. 8 முதல் 12 பாகை வரை நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நம் ஊர் வெப்பத்தில் கால் மணி நேரம் வெளியே வைத்தால் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிடும்.

பாத்திரத்தைப் பற்றிச் சித்தப்பாதான் சரியாகச் சொன்னார். பனையோலைப் பட்டையில் பதநீர் குடிக்கும்போது முகம் முழுவதும் பட்டைக்குள் இருக்கும். மூக்கு பதநீருக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும். ஓலை வாசமும் பதநீர் வாசமும் சேர்ந்தே உள்ளே போகும். அதே பதநீரை டம்ளரில் ஊற்றினால் பாதி ருசி போய்விடும் என்பது அவர் கருத்து. பெல்ஜியர்கள் அகன்ற வயிறும் சற்றே குறுகிய வாயும் உள்ள கண்ணாடிக் கோப்பை வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே. எங்கள் வீட்டில் கல்யாணப் பரிசாக வந்து பெட்டி பிரிக்காமலே கிடந்த ஒயின் கிளாஸ்களை மறுநாள் மாலை வெளியே எடுத்துக் கழுவினோம். சோப்பின் மிச்சம் நுரையைக் கெடுக்கும் என்பதால் இருமுறை அலசினோம்.

இந்தப் பீர்களில் பலவற்றைப் புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்தே மூடுகிறார்கள். வாயு உள்ளேயே பிறக்கிறது. அதனால் கோலி சோடாவைப்போலச் சீறும், அடியில் ஈஸ்ட் வண்டல் படியும். புட்டியை நேராக நிறுத்திவைத்திருந்து, கிளாஸைச் சாய்த்து, ஒரே சீராக ஊற்றி, அடியில் ஒரு விரல் உயரத்தைப் புட்டியிலேயே விட்டுவிடவேண்டும். வண்டலால் கேடில்லை, மாவு வாசம் வந்து மற்றவற்றை மங்கச் செய்யும், அவ்வளவே.

பழைய பித்தளை நிறத்தில், லேசான மங்கலோடு பீர் நிறைந்தது. மேலே இரண்டு விரல் தடிமனில் வெண்ணுரை. குடிக்குமுன் மூக்கைக் கிளாஸுக்குள் இறக்கி, நீளமாக இழுக்காமல், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை முகரவேண்டும். நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் சலித்துவிடும். முதலில் வந்தது நாரத்தைத் தோல். அடுத்து வாழைப்பழம். பிறகு, கிளாஸைக் கையால் ஒருமுறை சுழற்றியபின், கிராம்பு. ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விட்டோம். அந்த மூச்சில்தான் முதன்முதலாகத் தேன் தெரிந்தது: இனிப்பாக இல்லாமல், கூட்டைப் பிழிந்தபின் கையில் ஒட்டியிருக்கும் மெழுகின் வாசமாக. கசப்பு பின்னால் வந்து, நாக்கைத் துடைத்ததுபோல வறண்டு முடிந்தது. அரை நிமிடம் கழித்து நெஞ்சில் சூடு.

கிளாஸ் கையின் வெப்பத்தில் சூடேறச் சூடேற வாழைப்பழம் பின்வாங்கியது, மெழுகும் கருந்தேனும் முன்னே வந்தன. கடைசி இரண்டு மிடறுகள் முதல் இரண்டு மிடறுகளைப்போல் இருக்கவே இல்லை. சித்தப்பா தம் பங்கில் பாதியை எங்களுக்கே ஊற்றிவிட்டார். மூக்கு போதும் என்றார். பேச்சு வேறு பக்கம் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். கீழே கொண்டுபோகக் கிளாஸ்களை நான் எடுக்கையில், தன்னுடையதைத் திரும்ப வாங்கி, அடியில் துளிகூட இல்லாத அதற்குள் மூக்கை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

“இப்பதாம்ல தேன் வருது” என்றார்.